இருநூற்றுப் பன்னிரண்டு புளியமரங்கள்

கடலை இறைத்து அந்தப் பக்கம் ஊற்றிவிட்டு, ஈரம் காய்ந்த தரையில் நோர்டர்வால் என்ற ஊரைக் கட்டினார்கள் ஹாலந்துக்காரர்கள். கட்டியவர்கள் சோம்பேறிகள் அல்ல, சிக்கனக்காரர்கள், அதனால் ஒரே ஒரு வீட்டுக்குப் படம் வரைந்து, அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டே இருநூற்றுப் பன்னிரண்டு தெருக்களையும் கட்டி முடித்தார்கள், தெருவுக்குப் பெயர் வைக்கிற சிரமத்தையும் மிச்சம் பிடித்து எண் போட்டார்கள், எல்லா வீட்டுக்கும் ஒரே செங்கல், ஒரே சாம்பல் நிறக் கதவு, கதவுக்கு இடப்பக்கம் ஒரே மாதிரி பூத்தொட்டி. மேடு கிடையாது, பள்ளம் கிடையாது, பழைய கட்டடம் என்று ஒன்று கிடையாது. அந்த ஊரில் சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவர்கள் தவறான வீட்டுக்குள் போய், சாப்பிட்டு, செய்தித்தாள் வாசித்து, நாய் குரைக்கிற விதத்தில் சந்தேகம் வந்த பிறகே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிளம்புவது சகஜம். தொண்ணூறாம் தெருவில் ஒருவர் இப்படிப் போய் இரண்டு வருடம் இருந்துவிட்டார் என்றும், இரண்டு வீட்டிலும் அவரைப் பற்றிப் புகார் எதுவும் இல்லை என்றும் சொல்வார்கள்.

இந்த ஊருக்குத்தான் உடுமலைப்பேட்டை கலாமணி வந்து சேர்ந்தாள். அவள் கணவன் திருமூர்த்திக்குக் காற்றாலையில் வேலை. உடுமலையைச் சுற்றியுள்ள பொட்டல்களில் காற்றாடிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவனை, நடுக்கடலில் நட்ட காற்றாடிகளைப் பழுது பார்க்கக் கூட்டிவந்தார்கள். அவன் பதினைந்து நாள் கடலில் இருப்பான், பதினைந்து நாள் வீட்டில் தூங்குவான். மிச்ச நேரமெல்லாம் கலாமணி தனியாக அந்த ஊரின் விடுகதைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டுக்குப் போனால் கக்கூஸ் சுவரில் காலண்டர் தொங்குகிறது, அதில் சொந்தக்காரர்களின் பிறந்தநாள் எல்லாம் குறித்து வைத்திருக்கிறார்கள், அங்கே உட்கார்ந்துகொண்டு ஏன் ஒரு மனிதன் தன் மாமியாரை நினைக்க வேண்டும் என்று அவளுக்கு விளங்கவில்லை. குப்பை போடுகிற தொட்டி பூமிக்குள் இருக்கிறது, அட்டையைக் காட்டினால்தான் வாயைத் திறக்கிறது. மாடிப்படி ஏணியைவிடச் செங்குத்தாக இருக்கிறது. திரைச்சீலையை யாரும் இழுத்து மூடுவதில்லை, ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தால் மரியாதை இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. அதைச் சொல்லி அழக்கூட ஆள் வரவில்லை, ஏனென்றால் அந்த ஊரில் முன்கூட்டியே நாள் குறிக்காமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை.

அடுத்த வீட்டில் கோரி என்ற அம்மாள் இருந்தாள், எழுபத்தேழு வயது, நெட்டையான உருவம், நீல மழைக்கோட்டு. குடி வந்த முதல் நாள் கலாமணி வேலிக்கு மேலே சிரித்து, "வீட்டுக்கு வாங்க" என்றாள். கோரி உடனே ஒரு டைரியை எடுத்துப் புரட்டி, அடுத்த மாதம் பதினேழாம் தேதி பத்தரை மணிக்கு வருவதாகச் சொன்னாள். சொன்னபடி பத்தரைக்கு வந்தாள். அதற்குப் பதிலாக இவளையும் அழைத்தாள், காப்பி கொடுத்தாள், டப்பாவைத் திறந்து ஒரே ஒரு பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொன்னாள், எடுத்த கையோடு டப்பாவை மூடினாள். கலாமணிக்கு முதலில் கோபம் வந்தது. மூன்றாவது முறை போனபோது அந்த மூடியின் சத்தம் பழகிவிட்டது, அதற்குள் கோரியை அவளுக்கு ரொம்பப் பிடித்தும் போய்விட்டது.

கோரிக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று, அவள் கணவர் ஹெங்க். எண்பத்திரண்டு வயது, மீன்பிடிப் படகில் வேலை பார்த்த உடம்பு, நடை இன்னும் தளரவில்லை, ஞாபகம் மட்டும் ஓட்டைப் பாத்திரமாகிவிட்டது. தினமும் மூன்று மணிக்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு நடக்கப் போவார், நான்கு மணிக்குத் திரும்ப வேண்டும். இளவட்டங்களே வீடு மாறிப் போகிற ஊரில் அவர் எப்படித் திரும்புவார்? ஒரு முறை நூற்று மூன்றாம் தெருவில் யாரோ வீட்டு சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார், இன்னொரு முறை பெருஞ்சாலை ஓரத்தில் போலீஸ்காரர்கள் கண்டெடுத்தார்கள். நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது, மிகவும் கனிவான கடிதம்தான். மூன்றாவது முறையும் தொலைந்தால், அவர் நன்மைக்காக, ரயிலில் ஒன்றரை மணி நேரம் தள்ளி இருக்கிற ஒரு காப்பகத்துக்கு அவரை மாற்றிவிடுவார்கள். வீட்டில் பூட்டி வைக்கக் கூடாதா என்று கலாமணி கேட்டாள்.

"ஐம்பது வருஷம் கடலுக்குப் போனவர்" என்றாள் கோரி. "பூட்டினால் ஒரு வாரத்தில் செத்துப்போவார். அங்கே அனுப்பினால் இரண்டு வாரம்."

இனி புளியமரம் வந்த கதை. கலாமணி உடுமலைப்பேட்டையில் ஒரு கூரியர் ஆபீசில் பதினோரு வருடம் போன் எடுத்தவள். வீடு தெரியாமல் நடுத்தெருவில் நிற்கிற பையன்களுக்கெல்லாம் வழி சொல்லிச் சொல்லியே அவள் வாய் பழகியிருந்தது. நம் ஊரில் கதவு எண்ணை நம்பி யார் வீடு தேடுகிறார்கள்? நேராக வந்தால் ஒரு மரம், மரத்துக்கு எதிரே ஒரு கடை, கடையை ஒட்டி ஒரு சந்து என்றுதான் எவரும் சொல்வோம். மாமியார் அனுப்பிய குக்கர் பார்சல், வீடு கண்டுபிடிக்க முடியாமல் இரண்டு முறை திரும்பிப் போயிருந்தது. மூன்றாவது முறை யூசுப் என்ற மொராக்கோக்காரப் பையன் போன் செய்து, எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கிறதே அக்கா என்று நொந்துகொண்டபோது, கலாமணி அடுப்பில் கடுகு வெடித்துக்கொண்டிருந்த அவசரத்தில், எந்த ஊரில் நிற்கிறோம் என்பதையே மறந்துவிட்டு, தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் அடித்துவிட்டாள்.

"நேரா வாங்க தம்பி. லெஃப்ட்ல பெரிய புளியமரம் ஒன்னு இருக்குதுங்க. அதுக்கு அடுத்த வீடு வயசானவங்க வீடு, அதுக்கும் அடுத்தது நம்மளுது."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். யூசுப் குக்கரோடு வந்து நின்றான். "நல்ல வேளை, மரத்தைச் சொன்னீர்கள்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். தெரு முகப்பில், நேற்று வரை சைக்கிள் நிறுத்துகிற கம்பி மட்டும் இருந்த இடத்தில், நான்கு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத புளியமரம் காய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று தெருவில் நடந்த பேச்செல்லாம் சருகைப் பற்றித்தான். சின்னச் சின்ன இலையாகக் கொட்டுகிறதே, கார் கண்ணாடி இடுக்கில் போய் அடைக்கிறதே, யார் கூட்டுவது என்று ஒரு கூட்டம் போட்டு, வாரத்துக்கு ஒரு வீடு என்று பட்டியல் தயாரித்தார்கள். நகராட்சியிலிருந்து ரூலோஃப் என்ற அதிகாரி சைக்கிளில் வந்தார். ஒல்லியானவர், யாரையும் கடிந்து பேசாதவர், கைப்பையில் எப்போதும் ஒரு படிவம் இருக்கும். மரத்தை அண்ணாந்து பார்த்தார், நகராட்சி மரங்களின் பட்டியலில் இது விட்டுப்போயிருக்கிறது என்று தன் அலுவலகத்தின் மேலேயே வருத்தப்பட்டுக்கொண்டார், எண் பொறித்த ஒரு சிறிய தகட்டை அடிமரத்தில் அடித்துவிட்டுப் போனார். குழந்தைகள் புளியங்காயை உப்புத் தொட்டுத் தின்னக் கற்றுக்கொண்டார்கள். பச்சையாக மீன் தின்கிற அந்த ஊர்ப் பெரியவர்கள் அதற்குப் புளி நன்றாகச் சேர்கிறது என்று இரண்டே வாரத்தில் கண்டுபிடித்தார்கள். பனிக்காலத்தில் எல்லா மரமும் மொட்டையாக நின்றபோது இது மட்டும் இலையோடு நின்றதை, ஒழுங்கான மரம் என்று பாராட்டினார்கள்.

கலாமணி பயந்துபோய், கடலிலிருந்து வந்த கணவனிடம் விஷயத்தைச் சொன்னாள். திருமூர்த்தி மரத்தைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தான்.

"ஏம்புள்ள, வாய் வலிக்காம சொல்றதுதான் சொல்ற, பக்கத்துல ஒரு பரோட்டாக் கடையையும் சேத்துச் சொல்லியிருக்கலாமல்ல?" என்றான்.

சும்மா சொன்னால் வருவதில்லை என்று போகப்போகத் தெரிந்தது. யாரோ ஒருவர் வழி தெரியாமல் நிற்க வேண்டும், போனில் கேட்க வேண்டும், இவள் யோசிக்காமல் சொல்ல வேண்டும், அப்போதுதான் வரும். வாஷிங் மெஷின் ரிப்பேர்காரனுக்குச் சொன்னபோது தண்ணீர் டேங்க் வந்தது, நான்கு கால், மஞ்சள் பெயின்ட், அடியில் கசிந்து பாசி பிடித்த தரை எல்லாம் சேர்ந்தே வந்தது. ஜன்னல் கண்ணாடி மாற்ற வந்தவனுக்குச் சொன்னபோது அவள் வாயில் வந்தது, "முன்னாடி தியேட்டர் இருந்த எடம் ஒன்னு இருக்குதுங்க, அதத் தாண்டி வாங்க" என்பது. நம் ஊரில் இடித்துத் தள்ளி இருபது வருடம் ஆன தியேட்டரை வைத்துத்தானே இன்றைக்கும் பஸ் ஸ்டாப்புக்குப் பேர். ஆகவே நோர்டர்வாலில் தியேட்டர் வரவில்லை, முன்பு தியேட்டர் இருந்த இடம் வந்தது, முள் முளைத்த ஒரு காலி மனை. அதோடு கூடவே, அந்தத் தெரு முழுக்க அந்தத் தியேட்டரின் ஞாபகமும் வந்தது. ஒருவர் அங்கே கடைசி வரிசையில் தன் மனைவியை முதன்முதலில் முத்தமிட்டதைச் சொன்னார், மனைவி அது தான் இல்லை என்றாள், ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. எல்லாவற்றையும் மறந்திருந்த ஹெங்க்கூட, இடைவேளையில் தான் தூங்கிவிட்டதையும் கோரி எழுப்பாமல் தனியாகப் படம் பார்த்ததையும் சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நாற்பது வருட ஊருக்கு அன்றுதான் ஒரு பழைய கதை கிடைத்தது.

ஆனால் அந்த மரம் செய்த பெரிய காரியம், ஹெங்க்கை வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான். எப்போதும் இலையோடு நிற்கிற மரத்துக்கு அடுத்த வீடு என்பது மட்டும் அவர் மண்டையில் எப்படியோ நின்றுவிட்டது. மூன்று மணிக்குப் போவார், ஊரெல்லாம் சுற்றுவார், தூரத்தில் மரத்தின் தலை தெரிந்ததும் நேராக அதை நோக்கி வருவார், நான்கு மணிக்குக் கதவு திறக்கிற சத்தம் கேட்கும். எட்டு மாதம் இப்படி ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தார். கோரி ஒரு போனைக் கயிறு கட்டி அவர் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள், ஒன்றாம் பட்டன் வீட்டுக்கு, இரண்டாம் பட்டன் கலாமணிக்கு. எட்டு மாதமும் அவர் எந்தப் பட்டனையும் அழுத்தவில்லை. அந்த நாட்களில்தான் கோரி ஒரு தடவை பிஸ்கட் டப்பாவை மூட மறந்தாள், கலாமணி அதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டாள்.

கெட்டது எங்கிருந்து வந்ததென்றால், நியாயத்திலிருந்து வந்தது. அறுபத்தெட்டாம் தெருக்காரர்கள் நகராட்சிக்கு எழுதினார்கள், ஒரு தெருவுக்கு மட்டும் மரமும் டேங்கும் பழைய தியேட்டரும் இருப்பது எப்படிச் சமத்துவம் ஆகும் என்று. பிறகு நூற்று நாற்பதாம் தெரு எழுதியது, அதன் பிறகு எல்லாத் தெருவும் எழுதின. நகராட்சி கூடி, மூன்று மாதம் பேசி, ஆட்சேபணை இருந்தால் ஆறு வாரத்துக்குள் தெரிவிக்கலாம் என்று விளம்பரம் கொடுத்து, யாரும் ஆட்சேபிக்காததால், ஒவ்வொரு தெருவுக்கும் இடப்பக்கம் ஒரு புளியமரம், வலப்பக்கம் ஒரு மஞ்சள் டேங்க், கோடியில் முன்பு தியேட்டர் இருந்த இடம் என்று தீர்மானம் போட்டது. ரூலோஃப் வந்து கலாமணியிடம் மிகவும் பணிவாக உத்தரவைக் கொடுத்தார்.

"எல்லாத் தெருவுலயும் இருந்துச்சுன்னா அப்பறம் அது என்னங்க அடையாளம்?" என்று கேட்டாள் கலாமணி.

"நியாயமான அடையாளம்" என்றார் ரூலோஃப்.

அவளுக்கு அதற்குமேல் வாதாடத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்த ஊரில் முதன்முதலாக அவளுக்கு ஒரு மேஜை, ஒரு நாற்காலி, கழுத்தில் மாட்ட ஒரு அட்டை எல்லாம் கிடைத்தன. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அவள் போனோடு உட்கார்ந்திருக்க, ரூலோஃப் சைக்கிளில் ஒவ்வொரு தெருவாகப் போய், வழி தெரியாதவர் போல நின்று, அவளைக் கூப்பிட்டார். அவர் நிஜமாகவே பாதி நேரம் வழி தெரியாமல்தான் நின்றார், அதனால் எல்லாம் சரியாக வந்தது. ஒரு நாளைக்கு ஐந்து தெரு, ஆறு தெரு என்று பங்குனி முடிவதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு தெருவிலும் புளியமரம் காய்த்தது. நோர்டர்வால் மறுபடியும் ஒரே மாதிரி ஆகிவிட்டது, முன்னைவிட நிழல் மட்டும் அதிகம்.

கடைசித் தெரு முடிந்த மறு வியாழக்கிழமை, நான்கு மணிக்கு ஹெங்க் வரவில்லை.

நாலேகாலுக்குக் கலாமணி வீட்டு அழைப்பு மணி அடித்தது. கோரி நின்றுகொண்டிருந்தாள். நாள் குறிக்காமல், டைரி இல்லாமல், காலில் வீட்டுச் செருப்போடு வந்திருந்தாள். கலாமணி அவளை உள்ளே கூட்டிவந்தாள். உட்காரவைத்து, காப்பி கலந்து அவள் கையில் கொடுத்தாள். போலீசுக்குச் சொல்லலாமா என்று கேட்டாள். சொன்னால் அது மூன்றாவது முறையாகப் பதிவாகிவிடும் என்றாள் கோரி. சொல்லாவிட்டால் இருட்டும் முன் அவர் எங்கே போய் விழுவாரோ என்றாள் கலாமணி. தன் வாயால் வந்த வினை இது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அவள் போன் அடித்தது. ஹெங்க் இரண்டாம் பட்டனை அழுத்தியிருந்தார்.

"நான் மரத்துக்கிட்டே நிற்கிறேன்" என்றார். "இலை இருக்கிற மரம். இது நம் வீடு இல்லை என்கிறார்கள்."

"வேற என்னங்க ஐயா தெரியுது?"

"மஞ்சள் டேங்க்."

"வேற?"

"முன்னால் தியேட்டர் இருந்த இடம்" என்றார் அந்தப் படகுக்காரர். "எங்கே போனாலும் அதுவேதான் இருக்கிறது, கலா."

கலாமணி அந்த ஊரில் கற்ற டச்சு, தெரிந்த இங்கிலீஷ், எல்லாம் அந்த நேரம் மறந்துபோனது. சொல்வதற்கு மரம் இல்லை, டேங்க் இல்லை, எதுவும் மிச்சமில்லை. நம் ஊரில் எந்த அடையாளம் சொல்லியும் ஆள் வந்து சேரவில்லை என்றால் கடைசியாக ஒன்று சொல்வோமே, அது அவள் வாயில் தானாக வந்தது.

"பயப்படாதீங்க ஐயா. அப்பிடியே நேரா வாங்க. தெருமுக்குல உங்க வீட்டம்மா வந்து நின்னுட்டு இருக்கறாங்க பாருங்க. நீலக் கோட்டு. கையக் காட்டறாங்க, தெரியுதுங்களா?"

"தெரிகிறாள்" என்றார் ஹெங்க். "தெரிகிறாள், தெரிகிறாள்."

கலாமணி திரும்பிப் பார்த்தாள். எதிர் நாற்காலி காலியாக இருந்தது, மெத்தையில் உட்கார்ந்த குழி இன்னும் நிமிரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால், தெருமுக்கில் கோரி நீலக் கோட்டோடு நின்று ஒரு கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தாள், இன்னொரு கையில் கலாமணியின் எவர்சில்வர் டம்ளரிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் ஹெங்க் வந்தார். இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள்.

அன்றிலிருந்து தினமும் நான்கு மணிக்குக் கோரி எங்கே இருந்தாலும் தெருமுக்கில் நின்றாள். கடையில் வரிசையில் நிற்கும்போது கூடையோடு வந்துவிட்டாள், ஒரு தடவை பல் டாக்டரின் நாற்காலியிலிருந்து வாயில் பஞ்சோடு வந்தாள். டாக்டர் மறுபடி நாள் கொடுக்க மறுத்ததுதான் அவளுக்கு வருத்தமே தவிர, வேறு குறை சொல்லவில்லை. கடைக்காரர்கள் அவளுடைய கூடையைத் தனியாக எடுத்து வைக்கப் பழகினார்கள். தெருக்காரர்கள் அவளைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள். மற்றத் தெருக்கள் தங்களுக்கும் ஒரு கோரி வேண்டும் என்று எழுதின. ரூலோஃப் தயங்கித் தயங்கி வந்து கேட்டபோது, "அவங்கவங்க வீட்டு ஆளுக்கு அவங்கவங்க வந்து நிக்கச் சொல்லுங்க, போங்க" என்று கலாமணி கதவைச் சாத்திவிட்டாள். அந்த ஊருக்கு வந்து அவள் சாத்திய முதல் கதவு அது.

நவம்பர் மாதம் ஒரு காலையில் கோரி ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்துக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்தாள், பிறகு எழுந்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு எரித்தார்கள். வந்தவர்களுக்கு ஒரு காப்பியும் ஒரு துண்டு கேக்கும் கொடுத்தார்கள். ஹெங்க் எல்லோரிடமும் கைகுலுக்கி, யார் இறந்தது என்று கேட்டார். கலாமணி அவரைக் கூட்டிவந்து வீட்டில் விட்டு, தன் சமையலறையில் போய் நின்று வாய்விட்டு அழுதாள். கோரி இருந்த வரையில் அவளுக்கு அந்த நாட்டில் ஒரு மனுஷி இருந்தாள். அழுது முகம் கழுவிக்கொண்டு வந்தபோது மணி நான்கு. தெருமுக்கில் கோரி நின்றுகொண்டிருந்தாள், நீலக் கோட்டு, உயர்த்திய கை.

தெருக்காரர்கள் கூடிப் பேசினார்கள். இறப்புச் செய்தி அட்டை கிடைத்து அனுதாபம் தெரிவித்துவிட்ட பிறகு, அவளுக்கு வணக்கம் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்பதுதான் குழப்பம். தலையை மட்டும் லேசாக அசைப்பது என்று முடிவாயிற்று. நாய்களைக் கூட்டிப் போகிறவர்கள் கொஞ்சம் ஒதுங்கிப் போனார்கள். ஹெங்க் மூன்று மணிக்குப் போனார், நான்கு மணிக்கு அவளைப் பார்த்து வந்தார், அவருக்கு எதிலும் வித்தியாசம் இல்லை.

கலாமணிக்குத்தான் தூக்கம் போனது. உயிரோடு இருந்தவரை ஓடியாடிய காலுக்குச் செத்த பிறகாவது ஓய்வு வேண்டாமா? தன் வாய்ச்சொல் ஒரு மனுஷியை மழையிலும் காற்றிலும் நிறுத்தி வைத்திருக்கிறதே என்று உறுத்தியது. எப்படி விடுவிப்பது என்பதும் அவளுக்குத் தெரியும். யாராவது வழி கேட்கும்போது, முன்னாடி கோரிம்மா நின்ன எடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கோரி போய்விடுவாள், இடம் மட்டும் இருக்கும். அப்புறம் ஹெங்க் எதைப் பார்த்து வருவார்? அந்த வாரமே யூசுப் இன்னொரு பார்சலோடு போன் செய்தான், இப்போது எல்லாத் தெருவிலும் மரம் இருக்கிறதே அக்கா என்றான். "தெருமுக்குல முன்னாடி..." என்று ஆரம்பித்துவிட்டாள் கலாமணி. மீதியை முழுங்கிக்கொண்டு, "அங்கயே நில்லுங்க தம்பி, நானே வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு மூன்று தெரு தாண்டிப் போய்ப் பார்சலை வாங்கி வந்தாள்.

அன்று நான்கு மணிக்கு மழை பெய்தது. அவள் குடையை எடுத்துக்கொண்டு தெருமுக்குக்குப் போய்க் கோரியின் தலைக்கு மேல் பிடித்தாள்.

"கால் வலிக்குதுங்களா கோரிம்மா? போறீங்களா? சொன்னா நான் அனுப்பி வெச்சர்றேன்."

கோரி அவள் பக்கம் திரும்பவில்லை. உயர்த்திய கையை இறக்காமல், மறு கையின் கடிகாரத்தைப் பார்த்தாள், உதட்டைச் சுழித்தாள், ஹெங்க் இரண்டு நிமிடம் தாமதம். மறுபடி சாலையைப் பார்த்தாள். கலாமணி அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

தை பிறந்ததும் ரூலோஃப் புதிய படிவத்தோடு வந்தார். மனைவி இறந்துவிட்டதால் ஹெங்க்கின் கோப்பு மறுபடி திறக்கப்பட்டிருந்தது. ஞாபகம் தப்பிய ஒருவர் தனியாக வீட்டில் இருக்க வேண்டுமானால் வெளியே போய்த் திரும்பும்போது அவரை எதிர்கொள்ள ஆள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காப்பகம், திங்கட்கிழமையே வண்டி வரும். தூரத்து உறவு என்றுகூட யாரும் இல்லை, அடுத்த வீட்டுக்காரியைத்தான் விசாரிக்கச் சொல்லியிருந்தார்கள்.

"அவரை எதிர்கொள்ள ஆள் உண்டா?" என்று வாசித்தார் ரூலோஃப்.

"உண்டுங்க."

"யார்?"

"அவரு வீட்டம்மா."

ரூலோஃப் காகிதங்களைப் புரட்டினார். "அவர் நவம்பரில் இறந்ததாக இருக்கிறது."

"ஆமாங்க" என்றாள் கலாமணி. "மணி நாலாகப் போகுது, நீங்களே வந்து பாருங்க."

இரண்டு பேரும் வாசலில் போய் நின்றார்கள். தெருமுக்கில் கோரி கையை உயர்த்தியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஹெங்க் திருப்பத்தில் தெரிந்தார், அவளைக் கண்டதும் தொப்பியைத் தூக்கினார், நடையை எட்டிப் போட்டார். பக்கத்தில் வந்ததும், இந்தக் குளிரில் எத்தனை நேரமாக நிற்கிறாய் என்று கடிந்துகொண்டார், தினமும் அதையேதான் சொல்வார். இருவரும் ஒன்றாக நடந்து வந்தார்கள். வாசல் கேட்டைத் திறந்து, அவளை முதலில் உள்ளே விடுவதற்காக ஒதுங்கி நின்றார். யாரும் போகவில்லை. அவர் சற்றுநேரம் அப்படியே நின்றார், அவள் முன்னாலேயே உள்ளே போய்விட்டாள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், தானும் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரைச்சீலை இல்லாத ஜன்னலில் அவர் இரண்டு கோப்பை எடுத்து வைப்பது தெரிந்தது.

கலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரூலோஃப் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை அல்லவா, படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் உண்டு என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டார். நேரம் தவறுவதில்லை என்ற கட்டத்திலும் போட்டார். பொது இடத்தில் தினமும் நிற்பதற்கு அனுமதி வேண்டும், அதையும் நானே எழுதிவிடுகிறேன் என்றார். பிறகு பேனாவை நிறுத்திக்கொண்டு, கடைசியாக ஒன்று பாக்கி இருக்கிறது என்றார்.

"எத்தனை நாளைக்கு?"

"அவரு வந்து சேர்ற வரைக்கும்ங்க" என்றாள் கலாமணி.

ரூலோஃப் படிவத்தில் அதற்கு ஏற்ற கட்டம் தேடினார். ஜன்னலை ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தற்காலிகம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.